இருபத்தைந்து மீட்டரில் ஒரு நம்பர் பிளேட்

லாரி, பஸ் ஓட்டுகிறவர்கள் லைசென்ஸ் புதுப்பிக்கத் திரட்டும் காகிதங்களில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதது பார்ம் 1ஏ. பதிவு பெற்ற மருத்துவர் தரும் உடல்தகுதிச் சான்று. போட்டோ, இரண்டு அங்க அடையாளம், கையெழுத்து, முத்திரை. மச்சம் எங்கே என்று கேட்பதோடு பரிசோதனை முடிந்துவிடும் இடங்களும் உண்டு. அது ஊரறிந்த சங்கதி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு போக்குவரத்து வாகன லைசென்ஸுக்கு ஆயுள் பொதுவாக ஐந்து வருடம். அடுத்த சான்றுவரை கண் அப்படியே இருக்காது.

படிவத்தின் முக்கியமான கேள்வி: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டரில் ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா? இதை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். நிற்கிற காரிலிருந்து சுமார் 33 எட்டு எண்ணி நடந்து, திரும்பி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் படியுங்கள். பிளேட் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் கண் பரிசோதனைப் பலகையில் 6/9, 6/12 வரிகளுக்கு (நல்ல கண் 9, 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிக்கும் அளவு) நடுவே வரும். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒரு கண்ணின் மங்கலை மற்றது மறைத்துவிடும். வருடக்கணக்கில் அது தெரியாமலே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு, பிளாட்பாரத்தில் வாங்கிய வெள்ளெழுத்துக் கண்ணாடியோடு பரிசோதனைக்கு வருவது. அது பில்டி (சரக்கு ரசீது) படிக்க உதவும். தூரத்தை இன்னும் மங்கலாக்கும். தூரப்பார்வைக்கான கண்ணாடியை எடுத்து வாருங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டும். சர்க்கரை ஏறிக் கிடக்கும்போது கண்ணின் லென்ஸில் நீர் கோத்து பவர் மாறும்; மருந்தால் இறங்கும்போது மறுபடி மாறும். நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். சர்க்கரை 350 என்று தெரிந்த வாரமே கண்ணாடி போட்டால் அடுத்த மாதம் அது உதவாது. விழித்திரை பார்க்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை கூசி மங்கும். அதையும் சான்றையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மாலைக்கண் உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதிவிடுவதுதான் வழக்கம். வெளிச்சமான அறையில் 6/9 படிக்கிறவருக்கும் ஆரம்பக் கண்புரை இருக்கலாம். எதிரே வரும் ஹெட்லைட் பூப்போல விரிந்து சாலையை மறைப்பது அதன் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று. அபாயகரமான சரக்கு ஏற்றுகிறவர்களுக்கு மட்டும் படிவம் கூடுதலாகக் கேட்கிறது: எதிர்வினை நேரம், பக்கவாட்டுப் பார்வை, கூச்சத்திலிருந்து கண் மீளும் வேகம். ஜல்லி ஏற்றுகிறவருக்கும் கேட்டிருக்கலாம்.

சிவப்பு-பச்சை பிரித்தறிவதில் 2020-க்குப் பிறகு சலுகை வந்தது; லேசான, நடுத்தர நிறக்குறைபாடு தடையில்லை, கடுமையானதுதான் தடை. நிறப்பார்வையைச் சோதிக்கும் புள்ளிப்படப் புத்தகத்தில் தடுமாறினால் அத்தோடு எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம். குறை எந்த அளவு என்பதைக் கண் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

காதில் அழுக்கு முழுதாக அடைத்தாலே கேட்கும் திறன் நன்றாகக் குறைந்துவிடும். வண்டிச் சாவியாலும் தீக்குச்சியாலும் குடைந்தால் இன்னும் உள்ளேதான் போகும். ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் எடுத்துவிடுவது சுலபம்.

கை கால் ஊனம் உண்டா என்று படிவம் கேட்கிறது. மரத்துப் போயிருக்கிறதா என்று தனியாகக் கேட்பதில்லை. செருப்பு கழன்றது தெரியாமல் நாலு எட்டு நடக்கிறவருக்கு, பிரேக்கில் கால் எவ்வளவு அழுந்துகிறது என்பதும் சரியாகத் தெரியாது. மருத்துவர் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லுங்கள். உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்க அவருக்கு இரண்டு நிமிடம் போதும்.