ஆப்பிளின் போர்வை

ஆப்பிளைத் தின்று முடித்து, விதையும் சக்கையுமாக நடுவில் மிஞ்சுவதைத் தூக்கி எறிகிறோமே, தாவரவியல் கணக்கில் அதுதான் பழம். ரசித்துத் தின்ற வெள்ளைச் சதை, பூவின் அடிப்பாகம் வீங்கி அதைச் சுற்றி வளர்ந்தது. நாற்பது வருடமாக நான் ஆப்பிள் என்று தின்றது ஆப்பிளின் போர்வையை.

பிழை திருத்துவது என் தொழில். போன வருடம் ஒரு தாவரவியல் கையெழுத்துப் பிரதி வந்தது. அதில் 'வாழை, திராட்சை, கத்தரி, மிளகாய் ஆகியவை சதைக்கனிகள்' என்று ஒரு வரி. கத்தரியும் மிளகாயும் எங்கிருந்தோ தவறி வந்து ஒட்டிக்கொண்டன என்று நினைத்து, ஓரத்தில் சிவப்பு மையால் கேள்விக்குறி போட்டு அனுப்பினேன். எழுதிய பேராசிரியையிடமிருந்து ஒரே வரியில் பதில்: "நறுக்கிப் பாருங்கள்." சரி என்று ஒரு பிளேடும் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் வாங்கினேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் பழமும் முழுசாக மேசைக்கு வருவதில்லை.

இரண்டு மூன்றை நறுக்கியதும் ஒன்று புரிந்தது. தாவரவியலாளர்கள் பழத்தைப் பார்ப்பதைவிடப் பூவைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். இனிக்கிறதா, சமைக்கிறோமா, அப்படியே தின்கிறோமா என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பூவின் நடுவில் சூற்பை, அதற்குள் சூல்கள். பூ கருவுற்றபின் சூல் விதையாகிறது, சூற்பை கனியாகிறது. அந்தச் சூற்பையின் சுவர் என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி. சுவர் மொத்தமும் சதையானால் சதைக்கனி, அதாவது பெர்ரி. தக்காளியும் கத்தரியும் அப்படித்தான். சுவரின் உள்பக்கம் மட்டும் ஓடாக இறுகிவிட்டால் உள்ளோட்டுச் சதைக்கனி. மாம்பழத்தில் தோல் வெளிச்சுவர், தின்பது நடுச்சுவர், கொட்டையின் கெட்டியான ஓடு உள்சுவர். விதை என்பது அந்த ஓட்டை உடைத்தால் கிடைக்கிற பருப்பு மட்டுமே. தேங்காயும் இதே சாதி. சதை இருக்க வேண்டிய இடத்தில் நார் இருக்கிறது, சிரட்டை உள்சுவர். சிரட்டையின் மூன்று கண்கள், மூன்று சூலக இலைகள், அதாவது சூற்பையை உருவாக்கும் மடல்கள், ஒன்றாகச் சேர்ந்து உருவானது அது என்பதற்கு மிஞ்சிய அடையாளம்.

வாழைப்பழத்துக்கும் சூலக இலைகள் மூன்று. தோலுரித்துக் குறுக்கே ஒடித்து, ஒடிந்த முகத்தின் நடுவில் விரலை மெல்ல அழுத்துங்கள். நீளவாக்கில் மூன்றாகப் பிரியும். நடுவில் வரிசையாகத் தெரிகிற கறுப்புப் பொட்டுகள் விதையாகாமல் போன சூல்கள்.

ஆப்பிளைத்தான் அதிகம் நறுக்கினேன். காம்பிலிருந்து கீழ்நோக்கி வெட்டாமல் குறுக்கே வெட்டினால் நடுவில் ஐந்து அறைகளோடு ஒரு நட்சத்திரம். அதைச் சுற்றிச் சற்றுத் தள்ளி, பச்சை சாயத்தில் மங்கலாகப் பத்துப் புள்ளிகள் வட்டமாக நிற்கும். பூவின் புல்லிகளுக்கும் (இதழ்களுக்கு வெளியே இருக்கும் பச்சை மடல்கள்) இதழ்களுக்கும் நீர் கொண்டுபோன குழாய்களின் தடம் அது. காம்புக்கு எதிர்ப்பக்கத்துக் குழியில் காய்ந்து சுருண்டு கிடப்பவை அந்தப் புல்லிகளேதான். இவ்வளவையும் வைத்துக்கொண்டு இத்தனை நாள் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது.

ஸ்ட்ராபெர்ரி இதைவிடப் பெரிய ஏமாற்று. மேலே ஒட்டியிருக்கும் மணிகளை விதை என்கிறோம். லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு மணியிலும் மெல்லிய நூல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது சூற்பையின் மேல் நீண்டிருந்த சூலகத்தண்டு, காய்ந்துபோனது. அப்படியென்றால் ஒவ்வொரு மணியும் தனித்தனிக் கனி. சிவந்த சதை பூத்தளம், பூவின் பாகங்களைத் தாங்கிய மேடை. பெயரில் பெர்ரி இருந்தும் பெர்ரி கிடையாது. அன்னாசியில் இன்னொரு கதை: ஒவ்வொரு கண்ணும் ஒரு பூ. ஒரு கொத்துப் பூக்கள் மொத்தமும் சேர்ந்து ஒரே பழமாகிவிட்டன. பலாவும் அப்படியே, சுளைக்கு ஒரு பூ, சுளைகளுக்கிடையே சடைசடையாக இருப்பவை கருவுறாத பூக்கள்.

ஆரஞ்சுச் சுளைக்குள் இருக்கும் சாற்றுப் பைகள், சூற்பையின் உள்சுவரிலிருந்து உள்நோக்கி முளைத்தவை. பிரதியில் 'மயிர்கள்' என்றே இருந்தது. நான் 'தூவிகள்' என்று மாற்றினேன். பேராசிரியை திரும்பவும் 'மயிர்கள்' ஆக்கி அனுப்பினார். இதை வீட்டில் வாய்தவறிச் சொன்னதிலிருந்து ஆரஞ்சு முழுக்க எனக்குத்தான்.

முந்திரியில் மட்டும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். முந்திரிப்பழம் என்று சொல்லும் சாறு நிறைந்த பகுதி, பூக்காம்பு வீங்கியது. கனி, அதன் அடியில் சிறுநீரக வடிவில் தொங்கும் கொட்டை. முதலில் கொட்டை வளர்ந்துவிடும், அப்புறம்தான் காம்பு பருக்கும். பச்சைக் கொட்டை ஒன்று கையில் கிடைத்ததும் ஆசையாகப் பிளேடு போட்டேன். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலை அரிக்கும் என்று யாரும் சொல்லவில்லை; யாரையும் கேட்கவும் இல்லை. இரண்டு விரலில் கொப்புளம், ஒரு வாரத்துக்குப் பேனா பிடிக்க முடியவில்லை. மாமரமும் முந்திரியும் ஒரே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டால் சிலருக்குப் புண்ணாவதும் அதே ரகப் பொருளால்தான்.

தக்காளி பழமா காய்கறியா என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அப்போது காய்கறி இறக்குமதிக்கு 10 சதவீத வரி, பழத்துக்கு இல்லை. தாவரவியல்படி பழம்தான், ஆனாலும் மக்கள் வழக்கில் காய்கறி என்று 1893-ல் தீர்ப்பு. தமிழில் படிக்கும்போது இந்தச் சண்டை கொஞ்சம் விசித்திரமாக இருக்கிறது. நமக்குக் காயும் பழமும் ஒரே பொருளின் இரண்டு பருவம். வெண்டைக்காய், பூசணிக்காய், வெள்ளரிக்காய் என்று பெயரிலேயே அது கனி என்று சொல்லிவிட்டு, கிழங்கையும் கீரையையும் தனியே ஒதுக்கிவிட்டோம். அந்தச் சிவப்புக் கேள்விக்குறியை நான் போட்டிருக்கவே கூடாது. 'கத்தரிக்காய்' என்று வாயால் சொல்லிக்கொண்டே போட்டேன்.

காய் என்ற சொல்லை அப்படியே நம்பிவிடவும் முடியாது என்பது பின்னால் தெரிந்தது. ஜாதிக்காய் காயில்லை, விதை. மாசிக்காய் அதுவுமில்லை, ஒரு குளவி முட்டையிட்டதால் ஓக் மரத்துக் கிளையில் உண்டான முடிச்சு.

இப்போது மேசையில் மாதுளை. மணிமணியாகத் தின்பது விதை. சாறு இருப்பது விதையின் மேலுறையில். சூற்பையின் சுவர் பழத்தின் தோலாகி, செருப்புத் தோல்போலத் தடித்துவிட்டது, உள்ளே அறைகள் மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு. எதிலும் சரியாகப் பொருந்தாததால் பலாஸ்டா என்று இதற்கென்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். மேலடுக்கில் எத்தனை அறை, கீழே எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். பிளேடு மொட்டையாகிவிட்டது, சட்டையெல்லாம் கறை.