போயிட்டு வரேன் தாயே: கோலாலம்பூரில் கடைசி நாள்

குழுவாகச் சேர்ந்து வெளிநாடு போய்வந்தவர்களுக்குத் தெரியும், கிளம்பும் நாளை யாரும் ஒரு நாளாகவே மதிப்பதில்லை. பயணத் திட்டத்தில் அன்றைக்கு ஒரே வரிதான் இருக்கும்: சிற்றுண்டி, அறையைக் காலி செய்தல், விமான நிலையம். எங்கள் மலேசியக் கோயில் பயணத்துக்கும் அப்படித்தான் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்தப் பயணத்தில் என் மனதில் ஆழமாகத் தங்கியது அந்த நாள்தான், அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முன்கதை கொஞ்சம். பினாங்கில் 1833-இல் எழுந்த குயின் தெரு மகாமாரியம்மன், தண்ணீர்மலையில் ஐந்நூறு படிகளுக்கு மேல் ஏறி பாலதண்டாயுதபாணி, அப்புறம் கோலாலம்பூர் வந்து பத்துமலை முருகன் குகைக்கோயில். 272 படி, வெயில், கையில் இருப்பதைப் பிடுங்கக் காத்திருக்கும் குரங்குகள், எல்லாவற்றையும் தாண்டி எங்கள் குழுவின் பெரியவர்கள் "அரோகரா" சொல்லிக்கொண்டே ஏறி இறங்கினார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

திருச்சிக்கு விமானம் இரவில்தான். பகல் முழுக்க என்ன செய்வது என்று கேட்டபோது குழுவில் பாதிப் பேர் கடைத்தெரு என்றார்கள். நாங்கள் சிலர் மட்டும் அமைப்பாளர் தம்பியிடம் போய், ஊரை விட்டுக் கிளம்பும்போது அம்மனிடம் சொல்லிக்கொள்ளாமல் எப்படிப்பா போவது, மகாமாரியம்மன் கோயிலுக்கு ஒரு நடை கூட்டிக்கொண்டு போ என்று கேட்டோம். அவரும் முகம் சுளிக்காமல் சரி என்றார். கோயில் சீனக் கடைத்தெருவை ஒட்டியே இருப்பதால் கடைக்குப் போகிறவர்களுக்கும் வசதியாகப் போயிற்று. காலையிலேயே அறையைக் காலி செய்து பெட்டிகளைப் பேருந்தின் வயிற்றில் அடுக்கிவிட்டோம்.

பேருந்து ஓட்டிய அண்ணன் மலேசியத் தமிழர், தோட்டத்தில் பிறந்தவர். ஏறும்போது ஒவ்வொருவரையும் "பசியாறியாச்சா?" என்று கேட்பார். பணத்தை ரிங்கிட் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை, எப்போதும் வெள்ளிதான். அவரோடு பேசிக்கொண்டு வந்தாலே நம் பக்கத்து ஊர்க்காரரோடு பேசுவது போல இருந்தது.

துன் எச்.எஸ்.லீ சாலையில் இறங்கியதும் ஐந்து நிலைக் கோபுரம். அதன் நிழலில் பூக்கடை, மல்லிகை, சாமந்தி, எலுமிச்சை மாலை. கண்ணை மூடிக்கொண்டு நின்றால் சமயபுரம் வாசல் என்றுதான் தோன்றும். பக்கத்திலேயே சீனர்களின் குவான் தி கோயில், அங்கிருந்து ஊதுபத்திப் புகை வந்துகொண்டே இருக்கிறது. எங்கள் முன்னால் ஒரு சீன அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நம்மைப் போலவே கைகூப்பி நின்று, குங்குமம் வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டு போனார். எனக்கு மேனி சிலிர்த்தது.

இந்தக் கோயிலைக் கட்டியவர் தம்புசாமி பிள்ளை. 1873-இல் தன் குடும்பத்துக்கான கோயிலாகத் தொடங்கினார். இப்போதைய இடத்துக்கு 1885-இல் வந்தது. பத்துமலைக் குகையில் 1890-91 வாக்கில் முருகனை வைத்து வழிபடத் தொடங்கியதும் அவர்தான். பொதுமக்கள் எல்லாரும் வந்து கும்பிடும்படி மாரியம்மன் கோயிலைத் திறந்துவிட்டது 1920களின் இறுதியில். இன்று நாம் பார்க்கும் கட்டடம் 1968-இல் எழுந்தது, கோபுரம் அதற்குப் பிறகு. தைப்பூசத்தையொட்டி இரவில் வெள்ளி ரதம் இங்கிருந்துதான் பத்துமலைக்குக் கிளம்புகிறது, பதினைந்து கிலோமீட்டர் போல இருக்கும், அத்தனை தூரமும் ஜனங்கள் கூடவே நடக்கிறார்கள்.

இதையெல்லாம் நான் எண்ணிக்கொண்டு நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. என் தாத்தாவின் அண்ணன், நாங்கள் பெரிய தாத்தா என்போம், 1930களில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயா போனவர். கிள்ளான் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டினார். மாதம் தவறினாலும் வருஷம் தவறாமல் கடிதம் வரும் என்று பாட்டி சொல்வார். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த பிறகு கடிதம் நின்றது, அவரும் திரும்பவில்லை. அந்தக் காலத்தில் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில். அங்கே காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களும் ஆயிரக்கணக்கில். எங்கள் வீட்டில் அவருக்குப் படம் கிடையாது, திதி கொடுக்க நாளும் கிடையாது, பேர் மட்டும்தான் இருக்கிறது.

அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது அவர் பேரைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. காலமானவர் பேரில் அர்ச்சனை செய்வதில்லை அல்லவா, அதனால் சாமி பேருக்கே என்று சொல்லிவிட்டு, தனியாக ஒரு நெய்விளக்கு மட்டும் ஏற்றினேன். பக்கத்தில் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த ஆச்சி, எழுபத்தைந்து வயதிருக்கும், "யாருக்கும்மா?" என்று கேட்டார். சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் தானும் ஒரு விளக்கு ஏற்றினார், அவருடைய மாமனார் வீட்டிலும் அப்படிப் போனவர் ஒருவர் உண்டாம். அப்புறம் பார்த்தால் எங்களோடு வந்த தஞ்சாவூர், புதுக்கோட்டைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து விளக்கு வாங்குகிறார்கள். எத்தனை வீடுகளில் இந்தக் கதை இருக்கிறது பாருங்கள். கப்பலேறிப் போனவர்களில் ஊருக்குத் திரும்பி வரும் நாள் கிடைத்தவர்கள் உண்டு, கிடைக்காமல் இந்த மண்ணிலேயே போனவர்கள் ஏராளம். அவர்கள் கும்பிட்ட தெய்வத்தின் முன்னால், கையில் திரும்பும் டிக்கெட்டோடு நான் நிற்கிறேன். "போயிட்டு வரேன் தாயே" என்று சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்துவிட்டது.

அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் கோர்ட்டுமலைப் பிள்ளையார். 1897-லிருந்து இருக்கும் கோயில், உயரமான கட்டடங்களுக்கு நடுவே அடக்கமாக இருக்கிறது. கிளம்புகிற காரியம் தடங்கல் இல்லாமல் முடிய வேண்டும் என்று ஆளுக்கொரு சிதறுகாய் போட்டோம். மத்தியானம் இந்தியக் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் வாழையிலைச் சாப்பாடு. ரசம் நன்றாக இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் ஓட்டுநர் அண்ணன் எல்லாரையும் நிறுத்தி ஒரு வேலை செய்தார், அதற்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். "அக்கா, பத்துமலையில வாங்குன வேல் யார் யார் கைப்பையில இருக்கு? எல்லாம் பெரிய பெட்டிக்குப் போகணும்" என்றார். கூர்மையான எதையும் பாதுகாப்புச் சோதனையில் விடமாட்டார்கள், பிரசாதமாக வாங்கிய வேலைக் குப்பைத் தொட்டியில் போட யாருக்கு மனசு வரும்? பஞ்சாமிர்தம், எண்ணெய், தீர்த்தம் எல்லாம் நூறு மில்லிக்கு மேல் கைப்பையில் போகாது, நன்றாக இறுக்கி மூடி நெகிழிப் பையில் சுற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். கற்பூரம் தீப்பற்றும் பொருள், அது எந்தப் பையிலும் வேண்டாம். கொப்பரைத் தேங்காயும் அப்படித்தான், எண்ணெய்ச் சத்து இருப்பதால் பெட்டியில் அனுமதிப்பதில்லை. விபூதி, குங்குமம் கைப்பையிலேயே வரட்டும், தொந்தரவில்லை. கோயில் பயணம் போகிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து போட்டு அழுத ஒரு குடும்பத்தை அன்றைக்கு மாலையே பார்த்தோம்.

விமான நிலையம் சிப்பாங்கில் இருக்கிறது, நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். போகிற வழியெல்லாம் செம்பனை, அதாவது பாமாயில் எடுக்கும் மரம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. இந்தச் சிலாங்கூர் மாநிலத்தில் முன்பு பால்மரம் நின்ற எத்தனையோ தோட்டங்களில் இப்போது செம்பனைதான் என்று அண்ணன் சொன்னார். தோட்டத்தை எடுத்துக்கொண்டபோது சனங்கள் வெளியேற வேண்டியிருந்ததையும், லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு, பக்கத்தில் அவர்கள் கட்டிய சின்னச் சின்னக் கோயில்கள் என்னவாயின என்பதையும் சொல்லிக்கொண்டு வந்தார். பேருந்தில் யாரும் தூங்கவில்லை. இறங்கும்போது ஆச்சி அவர் கையில் மாரியம்மன் குங்குமத்தைக் கொடுத்து "நல்லா இருப்பா" என்றார். அவர் சட்டென்று குனிந்து ஆச்சி காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

சக்கர நாற்காலி வேண்டியவர்களுக்கு முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருந்ததால் சிரமமில்லை. பெட்டிகளுக்கு மஞ்சள் துணி கட்டியிருந்தோம், அடையாளத்துக்கு. எடை, கடவுச்சீட்டு, சோதனை என்று எல்லாம் முடிந்து வாயிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோது ஏழு மணி, வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். அங்கே சூரியன் மறைய ஏழேகால் ஆகிவிடுகிறது. வெளிச்சம் குறையத் தொடங்கியதும், ஊரில் விளக்கு வைக்கும் நேரத்தில் செய்வது போலக் கைகூப்பி, மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் மெதுவாக முருகன் பாட்டு பாடினோம். எதிரே உட்கார்ந்திருந்த இளைஞர் ஒருவர், வேலைக்குப் போய் விடுப்பில் ஊர் திரும்புகிறவர் போல, காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டுக் கூடவே பாட ஆரம்பித்தார்.

விமானத்தில் நான்கு மணி நேரம்தான். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு ஓடிய ரஜூலா கப்பலில் மேல்தளத்தில் படுத்து ஒரு வாரம் போல வந்து சேர்ந்த ஜனங்களை நினைத்துக்கொண்டே, தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தோம். திருச்சியில் இறங்கி, மஞ்சள் துணி கட்டிய பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்து, எல்லாரும் கட்டிப்பிடித்து விடைபெற்று, அவரவர் வண்டி பிடித்துப் போனார்கள்.

மறுநாள் குங்குமத்தை எடுத்துக்கொண்டு திருத்துறைப்பூண்டி பக்கம் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். எண்பதைத் தொட்டவர், பெரிய தாத்தாவைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் அவர் பேரைத்தான் மூத்த மகனுக்கு வைத்திருக்கிறார். குங்குமத்தை வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டு கேள்வி மேல் கேள்வி. எந்தத் தெரு, அம்மன் எந்தத் திசை பார்த்து இருக்கிறாள், அவர் காலத்தில் இந்தக் கோபுரம் இருந்ததா. கோபுரம் இல்லை சித்தப்பா, ஆனால் கோயில் 1885-லிருந்து அதே இடத்தில்தான் இருக்கிறது, அவர் போனபோது யார் வேண்டுமானாலும் உள்ளே போய்க் கும்பிடலாம், கிள்ளானிலிருந்து தைப்பூசத்துக்கு வந்திருந்தால் அந்த வாசலில் நின்றிருப்பார் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "அந்த நாற்காலி வண்டிக்குத் தனியாப் பணம் கேட்பாங்களா? கடவுச்சீட்டு எடுக்க எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார். அமைப்பாளர் தம்பிக்கு அன்று மாலையே போன் செய்துவிட்டேன். அடுத்த குழுவில் இரண்டு இடம் எழுதிக்கொண்டிருக்கிறார், கிள்ளானுக்கும் ஒரு நாள் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.