பழைய வீராவுக்குப் புது டயர்: தாப்பா மலைச் சாலைக்காகச் செய்து பார்த்தவை

எங்கள் வீட்டுக் காடி புரோட்டோன் வீரா 1.6 எக்ஸ்எல்ஐ. மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாக வைத்து 1993-இல் மலேசியாவின் புரோட்டோன் இறக்கிய வண்டி. 2009 வரை விற்றார்கள். அப்பா தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த காலத்தில் எடுத்தது. அவர் ஓய்வு பெற்று தாப்பாவில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குக் குடிவந்த பிறகு சாவி என் கைக்கு வந்தது. 4ஜி92 என்ஜின் இன்னும் எண்ணெய் குடிக்காமல் ஓடுகிறது. வீரா வைத்திருக்கும் பையன்கள் பலர் ஹாஃப்கட் (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த வண்டியின்) என்ஜின் தேடி அலைவார்கள். எனக்கு அந்த ஆசை இல்லை. இருக்கிற குதிரைசக்தி போதும். மழை பெய்த மலைச் சாலையில் அதை நம்பி ஓட்ட முடிய வேண்டும், அவ்வளவுதான்.

காடி ஓடும் பாதையைச் சொன்னால்தான் மற்றது புரியும். வார நாட்களில் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் ஆலைக்குப் போய் வர வேண்டும். செம்மண் சாலை, பழக்குலை ஏற்றும் டிராக்டர் போட்டு வைத்த குழி, ஓரத்தில் வெட்டிப் போட்ட மட்டை. ஞாயிற்றுக்கிழமை என்றால் கேமரன் மலைக்கு ஏறும் 59-ஆம் எண் சாலை. தாப்பாவிலிருந்து லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டி, ரிங்லெட் வழியாக தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பெரும்பாலும் வளைவுதான். மதியம் தாண்டினால் மழைக்கு உத்தரவாதம் உண்டு. எதிரே காய்கறி லாரி இறங்கும். இந்த இரண்டு வேலைக்கும் ஒரே டயர் வேண்டும்.

பழைய டயரில் பள்ளத்துக்கு அடியில் குறுக்காக ஒரு சின்ன மேடு இருக்கும், கவனித்திருப்பீர்கள். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுசு முடிந்தது. நம் நாட்டுச் சட்டமும் அந்த 1.6-ஐத்தான் சொல்கிறது. என் முன் டயர்கள் அதற்குக் கொஞ்சம் மேலே இருந்தன. சட்டப்படி ஓட்டலாம். ஆனால் லாத்தா இஸ்கண்டாருக்கு மேலே, சாலையில் தண்ணீர் வழிந்து ஓடும் வளைவுகளில் ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடுவதை உணர்ந்தேன். பள்ளம் ஆழமாக இருந்தால்தான் தண்ணீர் வெளியேறும். இல்லாவிட்டால் டயர் தண்ணீரின் மேல் மிதக்கும். மலை ஏறுபவர்கள் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது என்பது என் கட்சி.

வண்டி பழுது பார்க்கும் போமன் அண்ணனிடம் பேச்சை எடுத்தேன். "தம்பி, மொதல்ல ஹைலோ போட்டுடுவோம். காடி ஸ்டைலா இருக்கும்" என்றார். ஹைலோ என்றால் வண்டியைத் தாழ்த்திக்கொள்ள உதவும், உயரம் மாற்றக்கூடிய அப்சோபர்.

"அண்ணே, அப்பா ஏறி எறங்கணும். முட்டி வலிக்காரரு."

"அப்ப டயர்ல இருந்து ஆரம்பி. ரோட்டத் தொடுறது அது ஒண்ணுதானே."

வண்டிக்குக் கம்பெனி கொடுத்த அளவு 185/60 ஆர்14. 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 60 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 14 ரிம்மின் அங்குலம். முழு டயரின் விட்டம் கணக்குப் போட்டால் 577.6 மில்லிமீட்டர் வரும். 14 அங்குலத்தில் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் சாதாரண குடும்ப வண்டி டயர். நல்ல பிடிப்புள்ள ரகங்கள் 15-இல் தொடங்குகின்றன. 195/50 ஆர்15 என்றால் விட்டம் 576. வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்; மீட்டர் காட்டும் வேகம் மாறாது, கியரும் இழுக்காது. கடைகளில் அதிகம் குவிந்திருப்பது 195/55 ஆர்15. அதன் விட்டம் 595.5, அதாவது 3 சதவீதம் பெரிது. முள் 100 காட்டும்போது நிஜமாக 103-இல் போய்க்கொண்டிருப்போம். ஏற்றத்தில் இரண்டாவது கியர் கொஞ்சம் சோம்பலாகும். எனக்கு அது வேண்டாம்.

16 அங்குலத்தில் 195/45 கூட விட்டத்தில் பொருந்தும், 582தான். பார்க்கவும் அழகு. ஆனால் பக்கச் சுவர் 88 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடுகிறது. ஆலைக்குப் போகும் வழியில் ஒரு குழி போதும்: ரிம் வளையும், அல்லது சுவருக்குள் இருக்கும் நூல் அறுந்து பக்கத்தில் கட்டி போலப் புடைக்கும். அப்படிப் புடைத்த டயரை ஒட்டிச் சரிசெய்ய முடியாது, வீசத்தான் வேண்டும். 195/50-இல் சுவர் 97.5 மில்லிமீட்டர். தோட்டத்துக்கும் மலைக்கும் நடுவில் நான் போய் நின்ற இடம் அதுதான்.

டயர் கடைத் தவுக்கே (முதலாளி) தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார். யோகோஹாமா நியோவா ஏடி08ஆர்-ஐத் தட்டிக் காட்டி, "இது ரொம்ப பாகுஸ்" என்றார், அதாவது அருமை. பாகுஸ்தான், மறுக்கவில்லை. அதன் சுவரில் தேய்மான எண் 180 என்று இருக்கும். அந்த எண் 100-ஐ அளவுகோலாக வைத்துச் சொல்வது. சாதாரண டயரில் 300, 400 என்று பார்க்கலாம். எண் குறையக் குறைய ரப்பர் மென்மை, பிடிப்பு அதிகம், ஆயுசு குறைவு. ஆனால் ஒரு கம்பெனியின் 300-ஐ இன்னொரு கம்பெனியின் 300-உடன் ஒப்பிடக் கூடாது. அவரவர் டயருக்கு அவரவரே எண் போட்டுக்கொள்கிறார்கள். தினமும் செம்மண்ணில் அரைபடப் போகும் டயருக்கு 180 எனக்குக் கட்டாது. அதைப் போட்டு வருடம் திரும்புவதற்குள் மறுபடி தவுக்கேயிடம் வந்து நிற்க என் சம்பளம் இடம் தராது.

கடைசியில் டோயோ ப்ராக்சஸ் வகையில் ஒன்றை எடுத்தேன், 82வி. 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். வி என்றால் 240 கிலோமீட்டர் வேகம் வரை. வேகத்துக்காக இல்லை, மழைப் பிடிப்புக்காக. விலை ஒன்று இருநூற்றுச் சொச்சம் வெள்ளி. நியோவாவுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு கேட்டார். நம் பேராக்கிலேயே, தைப்பிங் பக்கம் கமுண்டிங்கில் டோயோ ஆலை இருக்கிறது. அந்த ஊரில் பிறந்த சில்வர்ஸ்டோன் கம்பெனியையும் 2010-இல் டோயோதான் வாங்கியது.

இங்கே ஒரு கிளைக்கதை. என் பாட்டி பால்மரம் சீவியவர். புது டயரைப் பார்த்து, "எல்லாம் நம்ம பாலுலதான்டா செய்யிறானுங்க" என்றார். பாதி உண்மை. கார் டயரில் தரையைத் தொடும் பகுதியில் செயற்கை ரப்பர் கணிசமாகச் சேர்கிறது. ஈரத்தில் பிடிக்க சிலிக்கா கலக்கிறார்கள். பால்மரத்து ரப்பர் லாரி டயரிலும் விமான டயரிலும்தான் மிகுதி, ஏனென்றால் பாரத்தில் உருளும்போது அது குறைவாகச் சூடாகும். 1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. எங்கள் தோட்டத்தில் பால்மரம் ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாம் செம்பனை. பாட்டியிடம் இதையெல்லாம் சொல்லி வாதாடவில்லை.

டயர் வாங்கும்போது பார்க்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 3623 என்றால் 2023-இன் 36-ஆவது வாரம். இந்த எண் ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் முழுதாக இருக்கும், அதனால் டயரைத் திருப்பிப் பார்க்க வேண்டும். தவுக்கே முதலில் உருட்டி வந்த நான்கில் ஒன்று மற்றவற்றைவிட மூன்று வருடம் மூத்தது. கேட்டதும் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார். கேட்காதவர் வண்டியில் அது ஏறியிருக்கும்.

"ரெண்டு மட்டும் போடு, முன்னால" என்றும் சொல்லிப் பார்த்தார். வீரா முன்சக்கரம் இழுக்கும் வண்டி, அதனால் புதுசு முன்னால் என்பது ஊர்ப் பேச்சு. டயர் கம்பெனிகள் சொல்வது நேர் எதிர்: இரண்டுதான் வாங்குகிறீர்கள் என்றால் அவை பின்னால் போக வேண்டும். முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், காலை எடுத்தால் அடங்கும். பின்பக்கம் வழுக்கினால் சுழன்றுவிடும். அதை அடக்க ரேஸ்காரனால்தான் முடியும். நான் நான்கும் போட்டேன்.

ரிம் தேடுவது தனிக் கதை. வீராவுக்கு நான்கு நட், 100 மில்லிமீட்டர் வட்டம், நடு ஓட்டை 56.1. பழைய ரிம் 5.5 அங்குல அகலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து மாட்டும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) 46 மில்லிமீட்டர். செகண்ட் ஹேண்டில் கிடைத்த 15 அங்குல ஸ்போர்ட் ரிம் 6.5 அகலம், ஆஃப்செட் 38. கணக்குப் போட்டால் வெளி விளிம்பு ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் வெளியே வரும். உள் விளிம்பு 5 மில்லிமீட்டர் உள்ளே போகும். டயர் மட்காடைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) சம்மன் நிச்சயம், அதனால் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சக்கரத்தை மட்டும் மாட்டிப் பார்த்தேன். பின் மட்காடின் உள்விளிம்பில் சுண்ணக்கட்டியைப் பட்டையாகத் தேய்த்தேன். பூட்டில் இரண்டு அரிசி மூட்டை, பின் சீட்டில் தம்பியும் அவன் கூட்டாளிகளும். தோட்டத்து மேட்டில் வேண்டுமென்றே சற்று வேகமாக ஏற்றி இறக்கினேன். இறங்கிக் குனிந்து பார்த்தால் சுண்ணம் கலையாமல் அப்படியே இருந்தது. முன்பக்கம் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பியும் உரசவில்லை. சரி, எடுத்துக்கொள்ளலாம்.

ரிம்மின் உள்பக்கத்தில் ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற ஜப்பானியத் தர முத்திரைகள் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். போலி ரிம்மிலும் பொறிக்கிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் அதுகூட இல்லாததைத் தொடவே வேண்டாம். என் ரிம்மின் நடு ஓட்டை 73.1. நட் மட்டுமே தாங்கினால் 90-இல் ஸ்டீயரிங் நடுங்கும், 73.1-ஐ 56.1 ஆக்கும் வளையம் நான்கு வாங்கிச் செருகினேன். சில்லறைக் காசு. இதைச் செய்யாமல், "பேலன்சிங் சரியில்லை" என்று கடை கடையாக அலைபவர்கள் உண்டு.

அடுத்தது பிரேக். இதில் நான் பெரிதாக எதையும் மாற்றவில்லை. பெரிய டிஸ்க், பல பிஸ்டன் காலிப்பர் என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்கலாம். ஆனால் ரிங்லெட்டிலிருந்து இறங்கும்போது பெடல் பஞ்சாவதற்குக் காரணம் பெரும்பாலும் பழைய பிரேக் எண்ணெய். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140-க்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230, ஈரமானால் 155. முழுக்க வடித்துவிட்டு டாட் 4 ஊற்றினோம். வெளியே வந்த எண்ணெய் கோப்பி நிறம். முன் பேடும் மாற்றினேன். மற்றது கால் வேலை: இரண்டாவது, மூன்றாவது கியரில் போட்டு என்ஜினே இழுத்துப் பிடிக்கும்படி இறங்க வேண்டும்.

போமன் அண்ணன், சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கையின் (லோவர் ஆர்ம்) புஷ் வெடித்திருப்பதையும் காட்டினார். ரப்பரில் விரல் நகம் போகும் அளவுக்குப் பிளவு. அதை மாற்றிய பிறகுதான் அலைன்மென்ட் செய்தோம். வெடித்த புஷ்ஷோடு செய்தால் அலைன்மென்ட் காசு தண்டம்.

திறந்த ஏர் ஃபில்டர் வேண்டாம் என்றேன், என்ஜின் சூட்டைத்தான் அது குடிக்கும். பெரிய ஈக்சோஸும் வேண்டாம். தாமானில் பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, ரோட்டில் ஜேபிஜே இருக்கிறது. வால் இறக்கை பற்றிப் பேசவே இல்லை.

இப்போது எப்படி இருக்கிறது? மழையில் ஏறும்போது ஸ்டீயரிங் கனமாகவே நிற்கிறது. முன்பு இரண்டு முறை திருத்திப் பிடித்த வளைவில் ஒரே பிடியில் போகிறது. ரோட்டுச் சத்தம் கூடியிருக்கிறது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்துச் சாலையில் இடுப்புக்குக் கொஞ்சம் வேலை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சீட்டில் தலையணை வைக்க ஆரம்பித்திருக்கிறார். காற்று சூடாகும் முன் 210 கேபிஏ அழுத்தம் வைக்கிறேன். மலையிலிருந்து இறங்கியதும் பார்த்தால் 240-ஐ எட்டியிருக்கும். அப்போது காற்றைத் திறந்துவிடக் கூடாது; ஆறினால் அதுவாகவே இறங்கும்.

ஒரு பின் டயர் மட்டும் வாரத்துக்கு வாரம் இளைத்துக்கொண்டே வந்தது. ஆணி எதுவும் தெரியவில்லை. சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது பள்ளத்துக்குள் ஒரே ஒரு குமிழி, மெல்ல ஊதி உடைந்து மறுபடி ஊதியது. குறட்டால் பிடுங்கினால் செம்பனை மட்டை முள்ளின் நுனி, ரப்பரோடு ரப்பராகக் கறுத்துப் போயிருந்தது. வெளியிலிருந்து கயிறு செருகாமல், டயரைக் கழற்றி உள்ளே ஒட்டச் சொன்னேன். இனி ஆலைக்குப் போகும்போது மட்டை குவித்த ஓரத்தில் ஒதுங்குவதில்லை. டிராக்டர் வந்தால் நின்று வழி விடுகிறேன்.

டயரில் அம்புக்குறி இருக்கிறது, ஒரே திசையில்தான் உருள வேண்டும். அதனால் பத்தாயிரம் கிலோமீட்டரில் இடம் மாற்றும்போது முன்னதைப் பின்னால், அதே பக்கத்தில் மட்டும். அதற்குள் பின் அப்சோபர் இரண்டும் வந்துவிடும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். ஹைலோ இல்லை, சாதாரண உயரம்தான். அதைப் போட்டதும் இன்னொரு தடவை அலைன்மென்ட்.