நிரை இல்லாத காடு

மலேசியாவில் இருக்கும் எங்கள் ஊருக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். பழைய ஆள்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் தோட்டம். முன்பு கித்தா (ரப்பர்), இப்போது செம்பனை (எண்ணெய்ப் பனை). ஊரை ஒட்டி ஓடும் சிலாங்கூர் ஆறு அரை மணி நேரக் காடி (கார்) பயணத்தில் இருக்கும் கோலா சிலாங்கூரில் கடலில் விழுகிறது. அங்கே 1987 முதல் ஓர் இயற்கைப் பூங்கா இருக்கிறது: தாமான் ஆலாம். இத்தனை பக்கத்தில் இருந்தும் அம்மா அங்கே போனதே இல்லை. முப்பது வருடம் கித்தா மரத்தில் பால் வெட்டி, பிறகு செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கியவர். "மரம் பாக்குறதுக்குக் காசு கட்டி போகணுமா?" என்பதுதான் அவர் கேள்வி.

போன ஞாயிற்றுக்கிழமை ஒருவழியாகக் கிளப்பிவிட்டேன். கடையில் தோசை பொட்டலம், பிளாஸ்டிக் பையில் தே தாரிக், நுரைக்க இழுத்து ஆற்றிய டீ. கொசு எண்ணெயை மேசையிலேயே விட்டுவிட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் புக்கிட் மலாவாத்தி. குன்றின் மேல் பீரங்கிகளும் 1907-இல் எழுப்பிய கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்த கோட்டை. அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டுக்கொண்டார். அம்மாவுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. அவர் பார்த்தது குரங்குகளை. சாம்பல் உடம்பில் வெள்ளி பூசினாற்போல் முடி, மலாயில் லோத்தோங். தாய் மடியில் ஒட்டியிருந்த குட்டி மட்டும் பளீரென்று செவ்விளநீர் நிறம். சில மாதங்களில் அந்த நிறம் மாறி அதுவும் சாம்பலாகிவிடுமாம். இலை தின்கிற சாதி. வயிற்றில் பல அறைகள், அங்கே இலை நொதித்துத்தான் செரிக்கும். "மாடு மாதிரி" என்றார் அம்மா, தோட்டத்தில் நான்கு மாடு வளர்த்தவர். சுற்றிலும் ஆள்கள் பொட்டலம் பொட்டலமாகத் தீனி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. லோத்தோங்குகளாவது சாதுவாகக் கை நீட்டி வாங்கும். இன்னொரு சாதி, நீள வாலுள்ள சாதாரணக் குரங்கு, எங்கள் தோசைப் பையைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டது. சட்னியோடு. பசியாறல் அதோடு முடிந்தது.

பூங்கா குன்றின் அடியிலேயே தொடங்குகிறது. சின்னதுதான், அரைக் காலையில் சுற்றி வந்துவிடலாம். நடுவே ஒரு மண் கரை. அதற்கு இந்தப் பக்கம் மேட்டுக் காடும் உப்பும் நன்னீரும் கலந்த ஏரியும். அந்தப் பக்கம் கடலேற்றம் வந்து போகும் சதுப்புக் காடு. ஏரியில் கொக்குகள் நின்றன. செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை வந்தால் சைபீரியா பக்கமிருந்து வரும் உள்ளான்களையும் பார்க்கலாம். நாங்கள் போனது ஜூலையில்.

கரையில் ஏறி நின்ற அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "என்னாடா இது, ஒரு மரத்துக்கும் நிரையே இல்ல" என்றார்.

சிரிப்பு வந்தது, ஆனால் அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவர் வாழ்ந்த எல்லாக் காட்டிலும் மரத்துக்கு நிரை, அதாவது வரிசை, உண்டு. நிரை பிடித்துத்தான் வேலை, நிரைக் கணக்கில்தான் கங்காணியின் ஏச்சு. இங்கே இஷ்டத்துக்கு முளைத்து நிற்பதைப் பார்த்து யாரோ வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்பது போல முகம் சுளித்தார்.

பலகைப் பாதையில் நடந்தபோது தண்ணீர் வற்றிய நேரம். அதுதான் சரியான நேரமும். சேற்றில் பென்சில்களைக் குத்தி வைத்ததுபோல் ஆயிரக்கணக்கான வேர்கள் மேல்நோக்கி நின்றன. அப்பி அப்பி மரத்தின் மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன. அதன் இலையைத் திருப்பிப் பார்த்தால் பொடிப் பொடியாக ஏதோ மின்னியது. நான் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே அம்மா நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டார். "உப்புடா!" உறிஞ்சிய உப்பை இந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. பக்கத்தில் முட்டுக்கால் போட்டு நிற்கும் பாக்காவ் மரமோ உப்பில் பெரும்பங்கை வேரிலேயே தடுத்துவிடும். ஒரே சேறு, இரண்டு குணம்.

பாக்காவில் முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்கியது காய் இல்லை. விதை மரத்திலேயே முளைவிட்டு அப்படி நீண்டிருக்கிறது. கனம் தாங்காமல் விழுந்தால் சேற்றில் குத்தி நின்று வளரும், இல்லையென்றால் அலையோடு போய் வேறெங்காவது ஒதுங்கும். ஒன்று பலகை மேலேயே விழுந்து கிடந்தது. எடுத்துப் பையில் போடப் போகிறார் என்று பயந்தேன். குனிந்து பலகை ஓரமாகச் சேற்றில் குத்தினார், ஒரு சாண் ஆழம், கன்று நடுகிற அதே கைவாகு.

சேற்று மீனைத்தான் அதிக நேரம் பார்த்தோம். முன் துடுப்புகளை ஊன்றுகோல் போல் ஊன்றி நகர்ந்து வந்து, தலைக்கு மேல் துருத்திய இரண்டு கண்களையும் உள்ளே இழுத்து நனைத்துக்கொண்டு மறுபடி வெளியே விட்டது. செவுளில் கொஞ்சம் தண்ணீரை அடக்கி வைத்திருக்கும், ஈரத் தோல் வழியாகவும் மூச்சு விடும். அதனால்தான் கரையில் இத்தனை தெம்பு.

அதற்குள் கொசு எங்களைக் கண்டுபிடித்துவிட்டது. அம்மாவின் முழங்கையில் பதினேழு தடிப்பு, காடியில் ஏறியதும் அவரே எண்ணிச் சொன்னார்.

இருட்டும்வரை இருந்து கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கத் திட்டம். கடி தாங்காமல் கைவிட்டோம். போனவர்களுக்குத் தெரியும்: துடுப்புப் படகில் போனால், ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் ஆண் பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னும். அதன் புழுக்கள் வளர்வது மரத்தில் இல்லை, கரையின் ஈர மண்ணில், நத்தைகளைத் தின்று. கரை வரைக்கும் காட்டை வெட்டிச் செம்பனை நட்டால் நத்தைக்கும் இடமில்லை, புழுவுக்கும் இடமில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் செம்பனைதான்.

இரவு அம்மா போனில் சித்தியிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஆமா, மீனு நடந்துச்சு... பொய்யில்ல புள்ள, கையை ஊனி நடந்துச்சு... எலைய நக்குனா உப்பு... என்னாது? ரசத்துக்கா? கேட்டுச் சொல்றேன்." போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "டேய், அந்த எலைய ரசத்துல போடலாமான்னு கேக்குறா."