அவருக்குக் கஞ்சி குடிக்கச் சொல்லு

என்ட மாமி என்னோட நேரே பேசமாட்டா. கோபமெல்லாம் இல்லை. மருமகனோடு முகம் பார்த்துக் கதைக்கிறது மரியாதையில்லை என்கிற பழைய ஆள். கல்யாணம் கட்டி ஒன்பது வருசம். சீதனமாக வந்த மட்டக்களப்பு நாவற்குடா வீட்டில் நானும் மனைவியும், பின்வளவில் மாமி. ஒரே கிணறு, ஒரே படலை. எனக்கு ஏதும் சொல்வதென்றால் இரண்டடி தள்ளி நின்று மகளிடம்தான் சொல்லுவா. "புள்ள, அவருக்குத் தேத்தண்ணி ஆறுது எண்டு சொல்லு." மகள் பக்கத்தில் இல்லாவிட்டால் விறாந்தைத் தூணிடம் சொல்லுவா. நானும் தூணைப் பார்த்து "ஓம் மாமி" என்பேன். ஒன்பது வருசமாக இந்தத் தூண் எங்கள் இரண்டு பேருக்கும் நல்ல தபால்காரனாக இருந்தது.

போன மார்கழியில் நண்டு வந்து எல்லாவற்றையும் குழப்பியது.

வாவி நண்டு. ஞாயிற்றுக்கிழமை விடியவே தெரிந்த தோணிக்காரர் ஒருவரிடம் போய் வாங்கியது. ஒவ்வொரு கொடுக்கும் சின்னப் பிள்ளையின் கைமுட்டி அளவு. மனைவி மிளகும் சீரகமும் உள்ளியும் தட்டிப் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை தூவினாள். மத்தியானம் நாங்கள் யாரும் யாரோடும் பேசவில்லை. நண்டு தின்கிற வீட்டில் கோது உடைகிற சத்தம்தான் பேச்சு.

பின்னேரம் மழை. எங்கோ மரம் விழுந்து கரண்ட் போனது, போனதுதான். இராத்திரி பத்து மணிக்கு மனைவி கட்டிலில் இருந்தபடியே சொன்னாள்: "பிறிட்ஜில குளிரே இல்ல. அந்த நண்டுக்கறி மிச்சத்தைக் கொட்டிருங்க."

டோர்ச் அடித்துப் பார்த்தேன். சட்டியில் மூன்று துண்டு. அதில் இரண்டு பெரிய கொடுக்கு, உடைபடாமல், என்னைப் பார்த்து விரித்தபடி. இப்ப நண்டு விக்கிற விலைக்கு அதைக் கொண்டுபோய்க் குழியில் கொட்ட நான் என்ன மாவட்டச் செயலாளரா? சட்டியை அலுமாரிக்குள் தள்ளி மூடிவிட்டு வந்து, "கொட்டிட்டன்" என்றேன்.

விடிய ஐந்து மணி. வீடு முழுக்க நித்திரை. நண்டைக் காஸ் அடுப்பில் நல்லாகக் கொதிக்க வைத்தேன். (இதைக் கவனியுங்கள், நல்லாகக் கொதிக்க வைத்தேன்.) முதல் நாள் பிட்டைக் குழைத்து, இருட்டில் நின்றபடியே தின்று முடித்தேன். கோதுகளை வாழையடியில் ஒரு முழ ஆழத்துக்குக் கிண்டித் தாட்டேன்.

ஒன்பது மணிக்குக் கந்தோரில் முதல் அறிகுறி. ஒன்பதரைக்கு மோட்டார் சைக்கிளில் கல்லடிப் பாலத்தில் நின்றேன். நின்றேன் என்பது சரியான சொல், ஏனென்றால் முன்னால் ஒரு லொறி, அதற்கு முன்னால் இன்னொரு லொறி. அந்த வாவியில் மீன் பாடுகிறது என்று நிலாக்காலத்தில் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுநுனியில் காது வைத்துக் கேட்பார்கள். அன்றைக்கு என் வயிற்றில் காது வைத்திருந்தால் துடுப்பே வேண்டாம், முழுக் கச்சேரியும் கேட்டிருக்கும். வழக்கமாக ஒரு பாட்டுக் கேட்கிற நேரத்தில் கடக்கிற பாலம். அன்றைக்கு மன்னாருக்குப் போய் வந்த மாதிரி இருந்தது.

வீட்டுப் படலை வரைக்கும் மானம் தாங்கியது. கிணற்றடியில் சத்தி. மாமி வாளியோடு ஓடிவந்தா, தலையில் தண்ணீர் ஊற்றினா. பிறகு ஒரு கணம் நிலத்தைப் பார்த்தா. மண்ணை அள்ளிப் போட்டு மூடினா. தூணும் இல்லை, மகளும் இல்லை. வாளியைப் பார்த்துச் சொன்னா: "அவருக்குப் போய்க் கிடக்கச் சொல்லு."

அதற்குப் பிறகு விசாரணை. பக்கத்து வீட்டு அக்கா கண்ணூறு என்றா. சித்தப்பா டெலிபோனில் தண்ணித் தாங்கியைக் கழுவச் சொன்னார். மனைவி யோசித்து யோசித்துக் கடைசியில் தயிரில் வந்து நின்றாள். முதல் நாள் மாமி கொக்கட்டிச்சோலைத் தங்கச்சி வீட்டுக்குப் போய் ஒரு சட்டி எருமைத் தயிர் கொண்டுவந்திருந்தா. "பஸ்ஸில குலுங்கி வந்த தயிர். அதுதான் கெட்டிருக்கும்."

"அந்தத் தயிர எல்லாரும்தானே தின்ன" என்றா மாமி, மெல்லிசாக.

"அவருக்குக் கொஞ்சம் மெல்லிய வயிறு."

மாமியின் முகம் ஒரு சுற்றுச் சுருங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். படுவான்கரையில் ஏதோ வில்லுக்குளத்துச் சேற்றில் மூக்குமட்டும் தெரியக் கிடந்து அசைபோடுகிற ஒரு அப்பாவி எருமைமீது கொலைப்பழி விழுகிறது. ஒரு சொல் சொன்னால் அதைக் காப்பாற்றலாம். சொல்லவில்லை.

டொக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "காலையில என்ன சாப்பிட்டீங்க?"

மனைவி பக்கத்தில் நின்றாள். "பிட்டு" என்றேன்.

"பிட்டோட?"

"...கறி."

அவர் பேனையை வைத்துவிட்டு மனைவியிடம் பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார். சமைத்ததை வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் விடக்கூடாது. பிறகு கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் சில கிருமிகள் விட்ட நஞ்சு கொதிக்க வைத்தாலும் சாகாது. அது தின்று சில மணித்தியாலத்திலேயே ஆளைக் கவிழ்க்கும்.

"எங்கட வீட்டில அப்பிடி ஒண்டும் இல்ல டொக்டர்" என்றாள் மனைவி பெருமையோடு. "மிச்சம் மீதியெல்லாம் ராவே கொட்டிருவம். இவரே கொட்டுவாரு."

நான் சுவரில் தொங்கிய கலண்டரை ஆராய்ந்தேன். அந்த மாதத்தில் போயாப் பௌர்ணமி லீவு இரண்டு இல்லை, ஒன்றுதான்.

மருந்தென்று பெரிதாக ஒன்றும் தரவில்லை. ஜீவனி பக்கற்தான், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனித் தூள். இரத்தம் போனால், காய்ச்சல் ஏறினால், சலம் குறைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றருக்கு ஒரு முழுப் பக்கற், 24 மணித்தியாலத்தில் குடித்து முடிக்கவேண்டும், மிஞ்சினால் ஊற்றிவிட வேண்டும். நான் கணக்கில் கெட்டிக்காரன். ஒரு லீற்றரை யார் குடிக்கிறது, ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் முழுப் பக்கற்றையும் கொட்டி ஒரே மிடறில் முடித்தால் என்ன என்று வாயருகே கொண்டுபோய்விட்டேன். மனைவி கிளாஸைப் பறித்தாள். அவ்வளவு உப்பு ஒரேயடியாக இறங்கினால் உடம்பிலிருக்கிற மிச்சத் தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துவிடுமாம். பிறகு ஒரு லீற்றரில் கரைத்து, கரண்டி கரண்டியாகத் தந்தாள். அழுதவன் கண்ணீரில் கொஞ்சம் சீனி போட்ட மாதிரி ஒரு ருசி.

கட்டிலில் கிடந்து டெலிபோனை நோண்டும்போதுதான் அந்தக் கண்ணீரின் பெருமை தெரிந்தது. 1971இல் வங்காளதேசப் போருக்குத் தப்பி இந்திய எல்லைக்கு வந்த அகதிகளிடையே கொலரா. பொங்காவ்ன் முகாமில் ஊசிவழி ஏற்றுகிற சேலைன் முடிந்துபோக, திலீப் மகாலனோபிஸ் என்ற டொக்டர் உப்பும் குளுக்கோசும் கரைத்த தண்ணீரை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே பருக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 4க்கும் கீழே இறங்கியது. குடலில் உப்பு தனியே உள்ளே போகச் சிரமப்படும், சீனி கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனால் போகும், அதன் பின்னால் தண்ணீரும் போகும். சங்கதி இவ்வளவுதான். 1978இல் லான்செட் மருத்துவச் சஞ்சிகை இதை நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாகக்கூட இருக்கலாம் என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்தபிறகு எழுந்து சாய்ந்திருந்து மரியாதையாகக் குடித்தேன். ருசி மாறவில்லை.

மாமிக்கு லான்செட் தெரியாது, குறுணல் அரிசி தெரியும். பின்வளவு அடுப்பில் குழையக் குழைய அவித்து, முதல் நாள் மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் வடித்து, கல்லுப்புப் போட்டுக் கொண்டுவந்தா. அரிசி மாச்சத்தும் குடலுக்குள் குளுக்கோசாகத்தானே உடைகிறது, அதோடு உப்பு. யோசித்துப் பார்த்தால் டிரம்மில் இருந்த அதே சங்கதி. "புள்ள, அவருக்குக் கஞ்சி குடிக்கச் சொல்லு. மடக்கு மடக்கெண்டு இல்ல, நக்கி நக்கி." அடுத்த நாள் சோறும் சேர்ந்த கஞ்சி. இடையில் கிரீம் கிராக்கர் இரண்டு, கதலிப்பழம் ஒன்று. பால் தேத்தண்ணி கேட்டேன். வயிறு குழம்பினால் பாலிலிருக்கிற சீனியைச் செமிக்கிற சக்தி கொஞ்ச நாளைக்குக் குறைஞ்சிடுமாம் என்று இஞ்சிப் பிளேன்டீ வந்தது.

இதெல்லாம் சரி. ஆனால் மாமி மூன்று நேரமும் மாதுளங்கோது அவித்த தண்ணீரும் தந்தா. டொக்டர் சொல்லாதது. ஒரு மிடறில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "கொஞ்சம் சீனி போடலாமே" என்று தூணிடம் கேட்டுப் பார்த்தேன். "சிலதுக்குத் துவர்ப்புத்தான் மருந்து எண்டு சொல்லு புள்ள." அந்தச் 'சிலதுக்கு' அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

இரண்டாம் நாள் பின்னேரம் காத்தான்குடிக் கூட்டாளி வந்தான், கையில் பெரிய அடுக்குச்சட்டி. "மச்சான், நீ கஞ்சிதான் குடிக்கிறாய் எண்டு சொன்ன உடன உம்மா காய்ச்சித் தந்தா." மூடியைத் திறந்தான். றம்பை, கறுவா, ஏலம், தேங்காய்ப்பால், உள்ளே நூல்நூலாகக் கோழி. நோன்பு துறக்கிற நேரத்து மணம் வீடெல்லாம் பரவியது. என் கண் கலங்கியது, உண்மையாகவே.

"கஞ்சிதானே மாமி" என்றேன், தூணை மறந்து.

மாமி மூடியை மெல்ல மூடினா. "தம்பி, உம்மாக்குச் சொல்லுங்க, நல்ல மணம். புள்ளையள் குடிக்கட்டும்." பிள்ளைகள் குடித்தார்கள். மனைவி குடித்தாள். கூட்டாளியும் ஒரு கோப்பை குடித்துவிட்டு, "கெதியாச் சொகமாகு மச்சான்" என்று வாயைத் துடைத்துக்கொண்டு போனான். எனக்கு இன்னொரு கிளாஸ் மாதுளங்கோது.

மூன்றாம் நாள் குழைசோறு. அதன்மேல் மாமி வைத்தது என்ன தெரியுமா? அதே கொக்கட்டிச்சோலைத் தயிர், இரண்டு கரண்டி. மனைவி பதறினாள். "பாலத்தான் டொக்டர் வேணாமெண்ட. தயிர் வயித்துக்கு நல்லம், இது ஒண்டும் செய்யாது" என்றா மாமி, வெகு நிச்சயமாக. தின்றேன். ஒன்றும் செய்யவில்லை. எருமை விடுதலை. ஆனால் மாமிக்கு அந்த நிச்சயம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும். பசியில் இருப்பவன் யோசிப்பானா?

நாலாம் நாள் மத்தியானம் வயிறு சமாதானம். மேசையில் உண்மையான சோறு, பருப்பு, வெள்ளைக்கறி. மாமி பின்வளவிலிருந்து மூடிய கோப்பையோடு வந்தா.

"என்ன கறி மாமி?" தூணிடம்தான் கேட்டேன்.

மாமி மகளைப் பார்த்தா.

"முருங்கையிலைச் சுண்டல் எண்டு சொல்லு புள்ள. அண்டைக்குக் கிணத்தடியில போனதும் முருங்கையிலதான். ஆனா இது நண்டில்லாம."

மனைவி அகப்பையைக் கீழே வைத்தாள்.

"எந்த நண்டு?"

எனக்குத் திரும்பவும் வயிற்றைக் கலக்கியது.