பக்கத்து வரிசையில் ஒரு நோஞ்சான் பீன்ஸ்

ஓசூர் பக்கம் தளியில் எங்களுக்கு இருப்பது ஒரு ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. அதில் முக்கால்வாசி பீன்ஸ்தான், அதுவும் குத்துச்செடி ரகம், கொடி பீன்ஸுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்ட ஆள் கிடைப்பதில்லை. எந்த ரகம் போடுவது என்று ஒவ்வொரு பருவமும் வீட்டில் ஒரு சண்டை நடக்கும். சரி, நாமே போட்டுப் பார்த்துவிடலாம் என்று போன வருஷம் தை மாதம் அர்கா கோமல், அர்கா அனூப், அர்கா அர்ஜுன், அப்புறம் விதைக்கடைக்காரர் "இதுக்கு நோயே வராதுங்க" என்று கொடுத்த ஒரு பாக்கெட், நாலையும் ரகத்துக்கு ஒரு பாத்தியாக விதைத்தேன்.

எடை போட்டால் கோமல் முதலிடம். நாலிலும் துரு நோய் இல்லை, இலை மஞ்சள் திட்டாகிப் போகும் தேமல் நோயும் இல்லை. நோட்டில் நாலுக்கும் நேரே "எதிர்ப்பு உண்டு" என்று எழுதி அப்பாவிடம் காட்டினேன்.

"நோயே வராத பருவத்தில என்னத்தடா சோதிச்ச?" என்றார். கோமல் இருந்த பாத்தி அதற்கு முன்பு தொழு உரம் குவித்து வைத்திருந்த இடம் என்பதையும் அவரே ஞாபகப்படுத்தினார். நான் எடை போட்டது ரகத்தையா குப்பைமேட்டையா என்று எனக்கே தெரியவில்லை.

ஐப்பசியில் மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு ரகத்தையும் மூன்று சின்னப் பாத்திகளாகப் பிரித்து, எது எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தேன். ஓரத்து வரிசைக் காயைக் கணக்கில் சேர்க்கவில்லை, வெயிலும் இடமும் கூடக் கிடைப்பதால் ஓரச்செடி எப்போதும் அதிகம் காய்க்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், துருவுக்குச் சட்டென்று விழுகிற கோமலைப் பாத்திகளுக்கு நடுவே தனி வரிசையாகவும் ஊன்றினேன். அதற்கே நோய் வரவில்லை என்றால் பக்கத்து ரகத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கக் கூடாது. வந்தால் அதிலிருந்து கிளம்பும், நோயைப் பரப்புகிற பொடி காற்றில் எல்லாப் பாத்திக்கும் போய்ச் சேரும். ஆராய்ச்சி நிலையங்களில் செய்வதும் இதைத்தான், எனக்குத்தான் தாமதமாக விளங்கியது. மருந்து அடிக்கவே இல்லை, அதற்கு வாங்கிய திட்டு தனி.

மார்கழிப் பனியில் இலை ராத்திரி முழுக்க நனைந்து கிடந்தது, துரு வந்தேவிட்டது. இலையில் முதலில் வெள்ளைப் புள்ளி, பிறகு செம்பழுப்புக் கொப்புளம், விரலால் தேய்த்தால் செங்கல் தூள் மாதிரி ஒட்டும். கொலம்பியாவில் உள்ள சியாட் என்ற வெப்பமண்டல வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் 1987-இல் வெளியிட்ட 1 முதல் 9 வரையிலான அளவுகோலை வைத்து மதிப்பெண் போட்டேன். 1 முதல் 3 வரை எதிர்ப்பு, 7 முதல் 9 வரை நோய்க்கு இரை. கோமல் 8, அனூப் 2, "நோயே வராத" பாக்கெட் 7.

மகசூல் கணக்கில்தான் வேடிக்கை. முதல் பறிப்பில் கோமல் முந்தியது, இரண்டாவதில் சமம், மூன்றாவதில் அதன் இலை கொட்டிக் காயெல்லாம் புள்ளியும் கோணலுமாக மண்டியில் ஒதுக்கிவிட்டார்கள், அனூப் மட்டும் நாலாவது பறிப்பும் கொடுத்தது. மொத்த எடையை மட்டும் எழுதியிருந்தால் இது தெரிந்திருக்காது, அதனால் இப்போது ஒவ்வொரு பறிப்பையும் தனியாக, விற்கிற காய் வேறு கழிவு வேறு என்றுதான் எழுதுகிறேன். ஆனால் முதல் பறிப்பு சமயத்தில் விலை ஏறி நின்றால் கோமல்தான் லாபம் என்று அப்பா சொல்வதையும் என்னால் மறுக்க முடியவில்லை.

அனூப்பை வெளியிட்டது பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம். துரு, பாக்டீரியா கருகல் இரண்டுக்கும் தாங்கும், ஹெக்டேருக்கு 20 டன் என்பது அவர்கள் கணக்கு, அதாவது ஏக்கருக்கு 8 டன். எனக்கு அதில் பாதிதான் தேறியது. மருந்தும் அடிக்காமல் உரமும் அளவாக வைத்தால் வேறென்ன வரும்.

அர்ஜுனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்றால், அதன் பலம் மஞ்சள் தேமலுக்கு எதிராக, அந்த நோயைப் பரப்புவது வெள்ளை ஈ, பனிக்காலத்தில் அது கண்ணிலேயே படவில்லை. இப்போது மாசியில் அர்ஜுனையும் கோமலையும் பக்கத்துப் பக்கத்தில் ஊன்றியிருக்கிறேன். நான் வெள்ளை ஈ வரட்டும் என்று காத்திருக்கிறேன், அப்பா நேற்று அதைப் பிடிக்கிற மஞ்சள் ஒட்டுப்பொறி ஒரு கட்டு வாங்கி வந்து திண்ணையில் வைத்திருக்கிறார்.