பிஎச் எலக்ட்ரோடு செய்முறைத் தேர்வு: மில்லிவோல்ட்டிலிருந்து படியுங்கள்

செய்முறைத் தேர்வில், கரைசலின் அமில, காரத் தன்மையை அளக்கும் பிஎச் மீட்டர் வந்தால் பெரும்பாலானோர் படிகளை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். எலக்ட்ரோடைக் (மீட்டரோடு இணைந்த, கரைசலில் முக்கும் உணர்கம்பி) கழுவு, பிஎச் 7 பஃபரில் (பிஎச் மதிப்பு முன்பே தெரிந்த கரைசல்) வை, 4 பஃபரில் வை, சேமி. செய்து காட்ட அது போதும், வாய்மொழித் தேர்வான வைவாவுக்குப் போதாது. "ஸ்லோப் 88 சதவீதம் காட்டுகிறது, என்ன செய்வாய்?" என்பதுதான் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. (பிஎச் மாறும்போது எலக்ட்ரோடின் மின்னழுத்தம் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் ஸ்லோப், கணக்கு கீழே.) தயங்காமல் பதில் சொல்ல எனக்கு உதவியது, படிக்கும்போது மீட்டரை மில்லிவோல்ட் முறைக்கு மாற்றி வைத்துப் பழகியதுதான். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

எலக்ட்ரோடு தருவது மின்னழுத்தம் மட்டுமே. அதை பிஎச் எண்ணாக மாற்றுவது மீட்டர். நல்ல எலக்ட்ரோடு பிஎச் 7 பஃபரில் ஏறக்குறைய 0 மில்லிவோல்ட் காட்டும். 25 டிகிரி செல்சியஸில், பிஎச் ஓர் அலகு மாறினால் 59.16 மில்லிவோல்ட் மாற வேண்டும். அமிலப் பக்கம் போனால் நேர்மதிப்பு, காரப் பக்கம் போனால் எதிர்மதிப்பு.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 7.00 பஃபரில் −5, 4.01 பஃபரில் +165 வருகிறது. வித்தியாசம் 170. அதை 2.99 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 56.9. இது 59.16 இல் 96 சதவீதம். இதுதான் ஸ்லோப். அந்த −5 தான் ஆஃப்செட். பொதுவாக ஸ்லோப் 95க்கு மேலும் ஆஃப்செட் ±30 மில்லிவோல்ட்டுக்குள்ளும் இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம். 90 பக்கம் இறங்கினால் சுத்தம் செய்ய வேண்டும். சுத்தம் செய்த பிறகும் 85க்குக் கீழேயே நின்றால் எலக்ட்ரோடை மாற்றுவதுதான் வழி. இந்தக் கணக்கைக் கையால் பலமுறை போட்டுப் பழகுங்கள். மீட்டர் தானே காட்டிவிடுமே என்று விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், எந்த எண் கெட்டால் எந்தப் பகுதியைச் சந்தேகிப்பது? ஸ்லோப் குறைந்தால் பெரும்பாலும் கண்ணாடிக் குமிழில் அழுக்கு, அல்லது அது பழசாகிவிட்டது. ஆஃப்செட் நகர்ந்தால் உள்ளே இருக்கும் ரெஃபரன்ஸ் பகுதியை, அதாவது ஒப்பிடுவதற்கான நிலையான மின்னழுத்தம் தரும், வெள்ளி குளோரைடு பூசிய வெள்ளிக் கம்பி பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நிற்கும் பகுதியை, பார்க்க வேண்டும். அளவு நிலைக்காமல் மெதுவாக ஊர்ந்துகொண்டே இருந்தால் ஜங்ஷன் (உள்கரைசல் மாதிரியைத் தொடும் நுண்துளைப் பகுதி) அடைத்திருக்கலாம். எல்லா பஃபரிலும் ஒரே அளவு வந்தால் குமிழில் விரிசலோ கேபிளில் ஷார்ட்டோ இருக்கும். அதைக் கழுவிப் பயனில்லை.

சுத்தம் செய்வதற்கு ஒரே மருந்து கிடையாது. படிந்திருப்பது என்ன என்று முதலில் கேளுங்கள். சுண்ணாம்புப் படிவு என்றால் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் மிதமான சோப்புக் கரைசல். புரதம் என்றால் பெப்சின் கலந்த நீர்த்த அமிலம், ஏனென்றால் வெறும் அமிலம் புரதத்தைச் செரிக்காது. ஜங்ஷன் கறுத்திருந்தால் அது வெள்ளி சல்ஃபைடாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குத் தயோயூரியா கலந்த அமிலம். எதில் ஊறவைத்தாலும் நன்றாக அலசி, சேமிப்புக் கரைசலில் சில மணி நேரம் வைத்த பிறகே மறுபடி கேலிப்ரேஷன் (பஃபர்களை வைத்து மீட்டரைச் சரிசெய்வது) செய்யுங்கள். அவசரப்பட்டால் அளவு ஓடிக்கொண்டே இருக்கும்.

சேமிப்பு பற்றிய கேள்வி கட்டாயம் வரும். "காய்ச்சி வடித்த நீரில் ஏன் வைக்கக் கூடாது?" அயனிகள் வெளியேறிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதோடு நிறுத்தாதீர்கள். ரெஃபரன்ஸ் பகுதியிலுள்ள வெள்ளி குளோரைடு, அங்குள்ள அடர்ந்த பொட்டாசியம் குளோரைடில் ஓரளவு கரைந்து நிற்கும். தண்ணீர் புகுந்து அது நீர்த்துப்போனால், வெள்ளி குளோரைடு ஜங்ஷனிலேயே வீழ்படிவாகி அடைத்துக்கொள்ளும். இதையும் சேர்த்துச் சொன்னால் விஷயம் புரிந்து படித்திருக்கிறீர்கள் என்று தெரியும். வைக்க வேண்டியது 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில். மூடியைச் சுற்றி வெள்ளை உப்புப் படிந்திருந்தால் பயப்பட வேண்டாம், கழுவினால் போய்விடும்.

செய்முறையின்போது தேர்வாளர் கவனிக்கும் சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. குமிழை டிஷ்யூவால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் நிலைமின்னேற்றம் சேர்ந்து அளவு அலையும். நிரப்பும் துளை உள்ள எலக்ட்ரோடு என்றால், அளக்கும்போது துளை திறந்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கரைசலின் மட்டம் மாதிரியின் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். பயன்படுத்திய பஃபரைத் திரும்பப் புட்டியில் ஊற்றாதீர்கள். பிஎச் 10 பஃபரைத் திறந்தே வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை இழுத்துக்கொண்டு அதன் மதிப்பு இறங்கிவிடும், அதனால் புதிதாக ஊற்றிக்கொள்ளுங்கள்.

வெப்பநிலையில்தான் பலர் சறுக்குகிறார்கள். மீட்டரின் தானியங்கி வெப்பநிலை ஈடுசெய்தல் எலக்ட்ரோடின் ஸ்லோப்பை மட்டுமே திருத்தும். 20 டிகிரியில் அந்த 59.16 என்பது 58.17 ஆகிவிடும், அதை மீட்டர் பார்த்துக்கொள்ளும். ஆனால் மாதிரியின் பிஎச்சே வெப்பநிலையோடு மாறும், அதை மீட்டர் 25 டிகிரி மதிப்புக்கு மாற்றித் தராது. அதனால் விடைத்தாளில் பிஎச்சை எழுதும்போது பக்கத்திலேயே வெப்பநிலையையும் எழுதிவிடுங்கள்.